நர்சுகள் படிக்க வேண்டிய இன்னொரு பாடம்

நாடு ஒன்றுதான். ஆனால் பிரசவத்தில் தாய்க்கு உள்ள ஆபத்து மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

2018 முதல் 2020 வரை எடுத்த அரசுக் கணக்கு இதைச் சொல்கிறது. 1 லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால், கேரளத்தில் 19 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். அசாமில் 195 பேர்!

ஏன் இந்த வித்தியாசம்? மருந்து எங்கும் ஒன்றுதான். படிப்பும், வருமானமும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் ஒன்றல்ல.

கூலியும் ஓய்வும்

2019-21ல் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை இருந்தது.

"முட்டை, கீரை சாப்பிடுங்கள். ஓய்வு எடுங்கள்" என்று நர்சு சொல்லி அனுப்புகிறார். கூலிக்குப் போகும் பெண் ஒரு நாள் ஓய்வு எடுத்தால், அன்று அடுப்பு எரியாது. அறிவுரை நல்லதுதான். அதன்படி நடக்க வழி வேண்டாமா?

வேலூரில் தொடங்கியது

ஆண் டாக்டரைக் குடும்பத்தார் அனுமதிக்காததால், பிரசவத்தில் பெண்கள் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர், டாக்டருக்குப் படித்தார். 1909ல் வேலூரில் நர்சு பயிற்சியைத் தொடங்கினார். நோயோடு ஊர் வழக்கமும் உயிரைப் பறிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

என்ன கற்க வேண்டும்?

இன்று நர்சு மாணவ, மாணவியர் கிராமங்களுக்குப் போய் வீடு வீடாகக் கணக்கு எடுக்கிறார்கள். அது நோட்டில் எழுதி மார்க் வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு வர பஸ் உண்டா? வந்தால் கூலி போகுமா? வீட்டில் முடிவு செய்வது யார்? இதைக் கேட்கப் பழக வேண்டும்.

அரசு உதவிகளையும் அறிய வேண்டும். காச நோயாளியின் சத்துணவுக்காக 2018ல் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆயிற்று. பாங்கியில் கணக்கு இல்லாதவருக்கு அந்தப் பணம் எப்படிப் போய்ச் சேரும்? கணக்குத் தொடங்க வழி காட்டுவதும் வைத்தியம்தான்.

பேச்சிலும் பேதம் கூடாது. வசதி உள்ளவரை "வாங்க" என்றும், ஏழையை "வா" என்றும் அழைத்தால், அவமானப்பட்ட ஏழை மறுபடி வரமாட்டார். நோய் முற்றிய பிறகே வருவார்.

2021 ஆகஸ்டு 5ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாசலுக்கே வந்தது. வாசலுக்கு உள்ளே இருக்கும் கஷ்டத்தை அறியவும் நர்சுகளுக்குக் கற்றுக் கொடுத்தால், அந்த மருந்து முழுப் பலன் தரும்.