நிலத்தடி நீரும் ஏழாம் கற்பனையும்

"நம் நிலம், நம் கிணறு, எவ்வளவு இறைத்தால் யாருக்கென்ன?" என்று கேட்போர் நம் பங்குகளிலும் உளர். சட்டமும் நெடுங்காலம் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தின் கீழுள்ள நீரைத் திரட்டிக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு வழங்கிற்று.

1987-இல் நம் மாநில அரசு, சென்னை நகருக்கும் சூழவுள்ள சில ஊர்களுக்கும் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொணர்ந்தது. கிணறு தோண்டவும், நீரை லாரியில் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டுமென்றது. மாநிலம் முழுவதற்குமென 2003-இல் இயற்றப்பட்ட சட்டமோ, முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே 2013-இல் நீக்கப்பட்டது. அதே 2003-இல் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதிகாரிக்குக் காட்டவென்றே அமைத்த குழிகள் எத்தனை வீடுகளில் தூர்ந்து கிடக்கின்றன! அயலாரைக் குறை கூறுவானேன்? நம் பங்கு இல்லத்துக் குழியே இவ்வாண்டுதான் தூர் வாரப்பட்டது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஊற்றுக்கு வேலி இல்லை. நாம் ஆழ்துளைக் கிணற்றை மேலும் நூறடி இறக்குகிறோம். அடுத்த வீட்டுக் கைம்பெண்ணின் கிணறு வற்றுகிறது. அவர் குடத்துக்கு விலை கொடுக்கிறார். சட்டம் இதனைக் களவென்று கூறாதிருக்கலாம். ஏழாம் கற்பனை கூறாதா? தூய குடிநீர் மாந்தர் அனைவரின் அடிப்படை உரிமை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் தெளிவுறுத்தினார்.

ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை ஆன்ம சோதனை செய்கையில் நம் கிணற்றையும் கணக்கிற் கொள்வோம். மழைக்கு முன்பே குழியைத் தூர் வாருவோம்.