முன்பணம் கட்டியவரின் முறையீடு

கைபேசிக் கம்பெனிகளிடம் பணத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டு, பின்னர் சேவைக்காகக் கைகட்டி நிற்க நேர்ந்த ஜனங்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. தாம் கேளாத பாட்டுக்காகத் தம் இருப்பிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது என்கிறார் ஒருவர். மாதக் கட்டணம் என்று எண்ணிக் கட்டியது இருபத்தெட்டாம் நாளே தீர்ந்துபோயிற்று என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் தம் கிராமத்து முதிய விதவை ஒருவரின் பொருட்டு எழுதுகிறார். ரீசார்ஜ் செய்யத் தவறியதால் அவ்வம்மையாருக்கு வரும் அழைப்பும் நின்றது. பாங்கிலிருந்து வரவேண்டிய ஓ.டி.பி. செய்தியும் நின்றது, தம் சொந்தப் பணத்தை எடுக்கவியலாமல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினாராம். இவற்றில் அடங்கியுள்ள தொகைகள் பத்து ரூபாய், முப்பது ரூபாய் என்ற அளவினவே. ஆயினும் அற்ப விஷயம் என்று இவற்றைத் தள்ளிவிடலாகாது. உப்பின்மீது விதிக்கப்பட்ட வரியும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அற்பமே. அதனை எதிர்த்தன்றோ 1930-ல் ஒரு தேசமே எழுந்து நின்றது!

நமது நாட்டில் கைபேசியின் முதல் அழைப்பு 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசப்பட்டது. அக்காலத்தில் அது தனவந்தர்களின் அலங்காரப் பொருள். அழைப்பவரும் பணம் கொடுக்கவேண்டும், அழைக்கப்படுபவரும் கொடுக்கவேண்டும். 2003-ல் வரும் அழைப்புக்குக் கட்டணம் நீங்கிய பின்னரே அது குடியானவன் கைக்கும் கூலிக்காரன் கைக்கும் வந்து சேர்ந்தது. அவர்களிடம் அதைக் கொண்டு சேர்த்தது முன்பண முறையே. இன்று இந்தியாவில் கைபேசி வைத்திருப்போரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முன்பணம் கட்டுவோரேயாவர். இம்முறையில் கம்பெனிக்குக் கடன் நிலுவை என்ற பயமே இல்லை. பில் அனுப்பும் செலவும் இல்லை. வியாபார நியாயப்படி பார்த்தால், பணத்தை முன்னால் கொடுப்பவனுக்கே கூடுதல் மரியாதையும் கூடுதல் பாதுகாப்பும் இருக்கவேண்டும். நடப்பதோ இதற்கு நேர்மாறு. மாதக் கடைசியில் பணம் கட்டுவோருக்கு விவரமான கணக்குச் சீட்டு வருகிறது. கெடு தவறினால் அவகாசமும் கிடைக்கிறது. முன்பணக்காரருக்குக் கணக்குச் சீட்டும் தானாக வருவதில்லை, அவகாசமும் இல்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய மகாத்மா, நாடெங்கும் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்து, அவ்வகுப்பாரின் அவதிகளைப் பற்றி 1917-ல் எழுதியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். ரயில்வேக்களுக்குப் பெருந்திரளாகப் பணம் கொடுப்பவர்கள் மூன்றாம் வகுப்பார். இடித்துத் தள்ளப்படுகிறவர்களும் அவர்களே. அவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் மேல்வகுப்பாரின் சௌகரியம் வளர்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். கைபேசி உலகத்தின் மூன்றாம் வகுப்பார் இம்முன்பணக்காரர்களே என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

முதலாவதாக இந்த இருபத்தெட்டு நாள் மாதத்தைப் பார்ப்போம். தமிழ்ப் பஞ்சாங்கத்திலாயினும் ஆங்கிலக் காலண்டரிலாயினும் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதங்களே உண்டு. கம்பெனிகளின் காலண்டரில் மட்டும் பதின்மூன்று. இருபத்தெட்டைப் பதின்மூன்றால் பெருக்கினால் 364 ஆவதைச் சிறு பிள்ளையும் அறியும். ஒரு முறைக்கு 200 ரூபாய் கட்டுபவர் வருஷத்துக்கு 2,400 ரூபாய் செலவாகும் என்று நினைக்கிறார். உண்மையில் 2,600 ரூபாய் செலவழிக்கிறார். ஐம்பத்தாறு நாள், எண்பத்து நான்கு நாள் என்ற திட்டங்களும் இதே இருபத்தெட்டின் மடங்குகளேயன்றி வேறல்ல. இக்குறையை உணர்ந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொரு கம்பெனியும் முப்பது நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 'ஒன்றாவது' என்றதால் கம்பெனிகள் ஒன்றை வைத்துவிட்டு ஓய்ந்தன. கடைத்தெருவில் முன்னால் நீட்டப்படுவது இன்றும் பெரும்பாலும் இருபத்தெட்டு நாள் திட்டமே. விதிவிலக்காக இருக்கவேண்டியது விதியாகவும், விதியாக இருக்கவேண்டியது விலக்காகவும் நிற்கின்றன.

இதைக் காட்டிலும் கொடியது, கெடு தீர்ந்ததும் வரும் அழைப்பை நிறுத்துவது. முற்காலத்தில் சிறு தொகை இருப்பில் இருந்தால் மாதக்கணக்கில் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும். மகன் பட்டணத்திலிருந்து பேசுவான். தாய் கிராமத்தில் கேட்பாள். 2018-ன் பிற்பகுதியில் தனியார் கம்பெனிகள் மாதந்தோறும் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்தே தீரவேண்டும் என்ற வழக்கத்தைப் புகுத்தின. காரணம் இல்லாமலில்லை. ஒரு கம்பெனியின் அழைப்பு மற்றொரு கம்பெனியின் வாடிக்கைக்காரரைச் சேரும்போது முன்னது பின்னதற்கு ஒரு தொகை கொடுத்துவந்தது. அது 2017 அக்டோபரில் நிமிஷத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைந்தது; 2021 ஜனவரி முதல் அடியோடு நீங்கியது. எனவே அழைப்பை ஏற்பவரால் மட்டும் கம்பெனிக்கு வரும்படி இல்லை. இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கைபேசி எண் இன்று பேச்சுக்கு மட்டும் உரியதன்று. பாங்குக் கணக்கு, ஆதார், காஸ் சிலிண்டர், முதியோர் பென்ஷன், ரேஷன் ஆகிய யாவும் அவ்வெண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. சர்க்காரே ஜனங்களை அவ்வாறு பிணைக்கச் சொன்னார்கள். அவ்வெண்ணின் வாயிலை அடைக்கும் அதிகாரத்தைக் கம்பெனியின் கையில் வரம்பின்றி விட்டுவைப்பது எங்ஙனம் நியாயமாகும்?

இருப்பில் இருபது ரூபாய் இருந்தால் தொண்ணூறு நாள் உபயோகமின்மையைக் காரணம் காட்டி எண்ணைப் பறிக்கலாகாது, அத்தொகையைப் பிடித்துக்கொண்டு மேலும் முப்பது நாள் நீட்டிக்கவேண்டும் என்று 2013 முதல் ஒரு விதி உண்டு. நல்ல விதிதான். எண்ணின் உயிரை அது காக்கிறது. ஆனால் காது அடைபட்ட உயிரால் அந்த விதவைக்கு என்ன பயன்? அழைப்பையும் செய்தியையும் வரவிடுவது இயலாத காரியம் என்று எவரும் கூறவியலாது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் நாடு முடங்கியபோது, வருவாய் குறைந்த வாடிக்கைக்காரர்களுக்குக் கம்பெனிகளே கெடுவை ஏப்ரல் 17 வரை நீட்டித்தன. சிலருக்குப் பத்து ரூபாய் இருப்பும் இட்டன. அன்று மனமிருந்தது, மார்க்கமும் இருந்தது.

நிற்க. கேளாத சேவைக்குப் பணம் பிடிக்கும் தொல்லை பழையது. வாடிக்கைக்காரர் இரண்டாம் முறையும் சம்மதம் தெரிவித்தாலன்றிப் பாட்டு, ஜோசியம் முதலிய உபரிச் சேவைகளைத் தொடங்கலாகாது என்று 2013-ல் ஆணையம் கட்டளையிட்டது. அவற்றை நிறுத்த 155223 என்ற எண்ணும் ஏற்படுத்தப்பட்டது. தம் ஆறுமாதக் கணக்கை முன்பணக்காரர் எழுதிக் கேட்டால் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்துக்குக் கம்பெனி கொடுத்தாகவேண்டும் என்பதும் 2012-ஆம் வருஷத்து விதி. இது எத்தனை பேருக்குத் தெரியும்? முப்பது ரூபாய் போன வழியை அறிய ஐம்பது ரூபாய் கொடு என்றால் எவர்தான் கேட்பர்?

இருப்பிலுள்ள பணம் யாருடையது என்பதே இதன் அடிப்படைக் கேள்வி. இக்கேள்விக்குத் தமிழ்நாட்டார் 2018 பிப்ரவரியில் கண்கூடாக விடை கண்டனர். இம்மாகாணத்திலேயே தோன்றி வளர்ந்த ஏர்செல் கம்பெனியின் சேவை அம்மாதத்தில் சரிந்து விழுந்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கம்பெனியின் கடைகள்முன் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நின்றனர். மாதம் முடியுமுன் கம்பெனி திவால் நடவடிக்கையை நாடியது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுதும் உண்டு. அவ்வுரிமையைக் கொண்டு பலர் தம் எண்ணைக் காத்துக்கொண்டனர். ஆனால் எண்தான் மாறும், இருப்பு மாறாது. திவாலான கம்பெனியிடம் பாங்குகள் அடமானத்தைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கும். நாற்பது ரூபாய் முன்பணம் கொடுத்தவர் ஈடற்ற கடன்காரராய்ப் பின்வரிசையில் நிற்பார். நம்பிக் கொடுத்த பணம் பிறர் கடனுக்கு இரையாவதைச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. வாடிக்கைக்காரரின் இருப்பு கம்பெனியின் சொத்தன்று. அது கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

கம்பெனிகளின் தரப்பையும் கேட்போம். அலைவரிசைக்குப் பெருந்தொகை கொடுத்திருக்கிறோம், கடன் அழுத்துகிறது, உலகிலேயே மலிவாகத் தருகிறோம் என்கின்றனர். விலை மலிவென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மலிவான விலை மங்கலான கணக்குக்கு அநுமதியாகாது. மேலும் 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தினர். ஒரு காலத்தில் பத்துக்கு மேற்பட்ட கடைகள் இருந்த சந்தையில் இன்று மூன்று தனியார் கடைகளும் சர்க்காரின் பி.எஸ்.என்.எல்.லுமே பெரும்பாலும் எஞ்சியுள்ளன. கட்டணத்தைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று ஆணையம் கைகட்டியிருப்பது பலர் போட்டியிட்ட காலத்துக்குப் பொருந்தும். 2024 டிசம்பரில் ஆணையம், இணையம் வேண்டாதார்க்குப் பேச்சும் செய்தியும் மட்டும் அடங்கிய திட்டத்தைத் தனியே தரவேண்டுமென விதித்தது. அத்தகைய திட்டத்தின் காலவரம்பை 365 நாள்வரை நீட்டவும் இடமளித்தது. திட்டங்கள் வந்தன, ஆனால் இணையத்தைக் குறைத்த அளவுக்கு விலை குறையவில்லை.

ஆகவே நாம் கோருவது யாதெனில்: மாதத் திட்டம் என்று விற்கப்படுவது எதுவாயினும் காலண்டர் மாதமாகவே இருக்கவேண்டும். கெடு தீர்ந்தபின் தொண்ணூறு நாள்வரை வரும் அழைப்பும், பாங்கு, சர்க்கார் செய்திகளும் தடையின்றி வரவேண்டும். விவரக் கணக்கு கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகத் தரப்படவேண்டும். கம்பெனி மாறினாலும் மூடினாலும் இருப்புத் தொகை திரும்பவேண்டும். அதற்கென அது தனிக் கணக்கில் வைக்கப்படவேண்டும். இன்று புகாரைக் கேட்பதும் கம்பெனி, அப்பீலைக் கேட்பதும் அதே கம்பெனி. ஆணையமோ தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. சுதந்திரமான நடுவர் ஒருவர் வேண்டுமென்று 2017-ல் ஆணையமே சிபாரிசு செய்தது. அது ஏட்டோடு நிற்காமல் நடப்புக்கு வரவேண்டும்.

சர்க்காரும் ஆணையமும் செய்யட்டும் என்று நாம் வாளாவிருத்தலும் தவறு. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பால், 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி, நுகர்வோர் மன்றங்களின் கதவு இவ்வாடிக்கைக்காரர்களுக்குப் பல வருஷம் அடைபட்டிருந்தது. 2022 பிப்ரவரி 16-ந் தேதி அதே கோர்ட்டு அக்கதவைத் திறந்துவிட்டது. ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. கம்பெனியிடம் புகார் செய்யும்போது புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். முப்பது நாளுக்குள் அப்பீல் செய்யவேண்டும். அதிலும் பரிகாரம் இல்லையேல் மன்றத்துக்குச் செல்லவேண்டும். எழுத்தறிந்த தொண்டர்கள் தத்தம் ஊரில் வாரம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவார்களாக. வக்கீல் நண்பர்கள் கூலி கருதாது துணை நிற்பார்களாக. முப்பது ரூபாய்க்கு ஒருவர் வழக்காடினால் கம்பெனி சிரிக்கும். முப்பதாயிரம் பேர் வழக்காடினால் கம்பெனி கணக்குக் காட்டும்.