தாழ்மை யாருக்குப் போதிக்கப்பட வேண்டும்?

செய்திக்காக இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைச் சுற்றிய காலங்களில் அங்குள்ள பல ஆலயங்களில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். போதகர்மாருக்கு மிகவும் பிடித்த பொருள் தாழ்மை. கேட்டுக்கொண்டிருப்பவர்களோ, விடியுமுன்னே பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கவும் இறப்பர் பால் வெட்டவும் போகிறவர்கள். இவர்களுக்கு இன்னும் எவ்வளவு தாழ்மை வேண்டும் என்பதே என் கேள்வி.

துரைக்கும் கங்காணிக்கும் சலாம் போட்டே முதுகு வளைந்த சமூகம் இது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டத்துக்குள் கிறிஸ்தவம் வந்த வழியையும் மறக்க வேண்டாம். 1854இல் அங்கிலிக்கன் மிஷனரிமார் தொடங்கிய ஊழியத்தின் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. அது பள்ளிக்கூடங்கள் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் தோட்டத் துரைமாரின் ஆதரவிலும் பணத்திலும் நடந்த ஊழியம், துரையின் முகத்தைப் பார்த்துத் தாழ்மையைப் பேசியிருக்க முடியுமா?

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தவர் குரு. சீடர்களை அழைத்துத் தம் காலைக் கழுவச் சொல்லவில்லை. அதிகாரம் உள்ளவன் இறங்கி வருவதற்கே தாழ்மை என்று பெயர். இறங்குவதற்கு இனி இடமில்லாதவனிடம் அதைக் கேட்பது அடிமைப் புத்தியைக் கற்பிப்பதாகும்.

பணிவிடைத் தலைமைக்கு உதாரணம் தேடி வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. கேகாலை மாவட்டத்தையும் உள்ளடக்கிய அங்கிலிக்கன் குருநாகல் மறைமாவட்டத்துக்கு 1962 முதல் ஆயராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. சிங்களவர், செல்வாக்குள்ள குடும்பம், அண்ணன் மகன் ரணில் அன்றைய ஜெயவர்தன அரசில் அமைச்சர். அப்படியிருந்தும் அரசின் அத்துமீறல்களைத் தட்டிக்கேட்ட சிவில் உரிமைகள் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

1977லும் 1981லும் சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டு விரட்டப்பட்டார்கள்; பலர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். 1983 ஜூலையில் நாடே எரிந்தது. அவ்வருடம் செப்டம்பரில் தம் மறைமாவட்ட மன்றத்தில் பேசிய ஆயர், நடந்ததற்கு எந்த நியாயமும் இல்லை, சிங்களவராகிய நாம் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். கல்லெறியாதவர் குற்றத்தில் தம்மையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த மாதம் 23ஆம் திகதி, 56 வயதில் காலமானார். தாழ்மை என்றால் இது.

மேய்ப்பருக்கு அரசியல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மந்தைக்குக் கூலியும் வீடும் காணியும் பிரச்சினையாக இருக்கும்போது, அதைப் பேசாத மேய்ப்பர் எதைத்தான் மேய்க்கிறார்? அந்த மௌனத்தைத் தாழ்மை என்று அழைக்க வேண்டாம். அதற்குத் தமிழில் பயம் என்றொரு சொல் இருக்கிறது.

பெரிய வியாழனன்று பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016 ஜனவரியில் வத்திக்கான் விதியைத் திருத்தியது. நல்லது. அட்டை கடித்த பாதங்கள் நம் மலைகளில் நிறையவே உண்டு. ஆனால் ஒரு நாள் கழுவிவிட்டு மற்ற நாளெல்லாம் அவளை வாசலில் நிறுத்தினால் அது வெறும் சடங்கு. ஆலயக் கமிட்டியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை பேர்? முன்வரிசை நாற்காலி யாருக்கு? காணிக்கைக் கணக்கு யார் முன்னால் வாசிக்கப்படுகிறது?

இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கியுங்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்க நானும் வருகிறேன்.