கார்வெட்டின் கண்ணிமையும் நான் சொன்ன தவறான பதிலும்



போன வாரம் நம் 88 பேட்ச் குரூப்பில் நடந்த சண்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஓஹியோவில் இருக்கும் நம் பையன் ஒருவன் 1971ஆம் வருட கார்வெட் வைத்திருக்கிறான். (பெயர் போட வேண்டாம் என்றான். உங்களுக்குத் தெரியாததா!) அந்தக் காரின் ஹெட்லைட்டுகள் பகலில் மூக்குக்குள் படுத்திருக்கும். ஸ்விட்சை இழுத்தால் எழுந்து நிற்கும். இப்போது வலது பக்கம் உடனே எழுகிறது. இடது பக்கம் சாவகாசமாக எழுகிறது, சில நாள் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேக்குவத்தில் இயங்கும் அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் போடலாமா என்று கேட்டிருந்தான். நான் அவசரப்பட்டு, "கை வைக்காதே, அசல் அசல்தான்" என்று எழுதினேன். பாதிப் பேர் கட்டைவிரல் காட்டினீர்கள்.

அந்தப் பதில் தவறு. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருத்த வேண்டும்.

போன வருடம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தக் காரைப் பார்த்தேன். வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை எழுப்பிக் காட்டினான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஐந்து முறை கேட்டேன். மாப்பிள்ளை சிரித்தார். எனக்கு வெட்கமில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த படம் அங்கே இரும்பாக நின்றது.

வேக்குவம் எதையும் இழுக்காது, வெளிக்காற்றுதான் தள்ளும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "இழுக்கும்" என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்ததும் ஞாபகம் இருக்கும். எஞ்சின் மூச்சு வாங்கும் குழாயில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாக, ரப்பர்ச் சவ்வு வைத்த ஒரு டப்பாவுக்கு இணைப்பு. சவ்வின் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்ததும் மறுபக்கத்துக் காற்று அதைத் தள்ளுகிறது. அது தண்டை நகர்த்துகிறது, விளக்கு எழுகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அந்த அழுத்த வித்தியாசம் குறைந்துவிடும். அந்த நேரத்துக்குக் கைகொடுக்க ஒரு சேமிப்புத் தொட்டியும், காற்று திரும்பி வராமலிருக்க ஒருவழி வால்வும் உண்டு. அழகான யோசனைதான். ஆனால் ஐம்பது வருட ரப்பர் வெடிக்கும், கசியும். கசிவு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தூங்கி வழியும்.

இதைப் பார்த்த மயக்கத்தில்தான் "அசல்" என்று எழுதினேன். பிறகு உட்கார்ந்து படித்தபோது எனக்கே கேள்வி வந்தது: எது அசல்?

1953இல் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் முதல் கார்வெட் வந்தபோது, மொத்தம் 300 கார்கள், எல்லாம் வெள்ளை. ஹெட்லைட் வெளியேதான் இருந்தது, கல்லடி படாமலிருக்க மேலே கம்பி வலை. 1956இல் வலை போயிற்று. 1958இல் இரண்டு விளக்கு நான்காயிற்று. 1963இல் ஸ்டிங் ரே வந்தபோதுதான் விளக்குகள் ஒளிந்துகொண்டன. அவற்றைச் சுழற்றியது வேக்குவம் அல்ல, மின் மோட்டார்! 1968இல்தான் வேக்குவத்துக்கு மாறினார்கள். அதே வேக்குவத்தில் வைப்பருக்கும் ஒரு மூடி போட்டார்கள். 1973 மாடலில் அந்த மூடியை அவர்களே எடுத்துவிட்டார்கள். 1984இல் ஹெட்லைட்டுக்குத் திரும்பவும் மின் மோட்டார். அதாவது நம் பையன் போட நினைக்கும் மோட்டார், கார்வெட் வம்சத்துக்கு வேக்குவத்தைவிட மூத்தது. இது தெரியாமல்தான் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

விளக்கை ஏன் ஒளித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் ஸ்டைல் மட்டுமில்லை. 1940 மாடல்களிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி சீல்டு பீம் விளக்குதான், வட்டமாக ஏழு அங்குலம். பிறகு சிறு வட்டம் நான்கு போடலாம் என்றார்கள். செவ்வகம் எழுபதுகளில் வந்தது. தரையிலிருந்து குறைந்தபட்ச உயரமும் உண்டு. கத்தி போல மூக்கைத் தாழ்த்த நினைத்த டிசைனர், விதிப்படி விளக்கை வைத்தால் கத்தி மழுங்கிவிடும். பகலில் ஒளித்து, இரவில் எழுப்பு. சட்டத்துக்கும் அழகுக்கும் நடுவே கண்டுபிடித்த சந்து அது. இந்தச் சந்தும் புதிதில்லை. 1936இலேயே கார்டு 810 என்ற காரில் டேஷ்போர்டின் இரு முனைகளிலும் கைப்பிடி வைத்து, கையால் சுற்றித்தான் விளக்கைத் திறந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தால் அவருக்கும் வேலை!

1983இல் விளக்கின் வடிவத்தைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கலாம் என்று விதி தளர்ந்தது. ஒளிக்க வேண்டிய கட்டாயம் அப்போதே குறைந்துவிட்டது. ஆனாலும் கார்வெட் 2004 மாடல் வரை ஒளித்தது. 2005இல் விளக்கை வெளியே வைத்ததும் ரசிகர்களில் பலர், இது கார்வெட்டே இல்லை என்று கொதித்தார்கள். முதல் பத்து வருடம் வெளியே இருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன வாரம் நானும் அதையேதான் செய்தேன்.

இனி என் திருத்திய பதில். தம்பி, முதலில் குழாய்களையும் சவ்வுகளையும் மாற்று. ரப்பரை மாற்றுவது மரபுக்குச் செய்யும் துரோகம் ஆகாது, டயரை மாற்றவில்லையா? கையால் இயக்கும் வேக்குவம் பம்ப்பும் மீட்டரும் வாங்கி, ஒவ்வொரு கிளையாகச் சோதித்துப் பார். ஒரே நாளில் முடியாது, பொறுமை வேண்டும். முடிந்த பிறகு இரு பக்கமும் ஒரே மூச்சில் எழுந்தால் வேக்குவமே இருக்கட்டும், எனக்கும் சந்தோஷம். எழவில்லை என்றால் மோட்டார் போடு. கழற்றிய சாமான் ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி, பெட்டியில் பத்திரமாக வை. பழைய கார்வெட்டுகளின் அசல்தன்மைக்கு மதிப்பெண் போட அங்கே என்.சி.ஆர்.எஸ். என்றொரு சங்கமே இருக்கிறது; ஒருநாள் அவர்கள் முன் நிறுத்த நினைத்தால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அங்கே நாலு மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். மதிப்பெண் குறைத்தே வாழ்ந்தவன் சொல்கிறேன், அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் குரூப்பில் எழுதிய மறுநாள் அவன் போன் செய்தான். வரும் கோடையில் மகள் அந்தக் காரை ஓட்டப் போகிறாளாம், பகுதிநேர வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்ப. 1971 மாடல் என்பதால் வைப்பர் மூடியும் அதே வேக்குவம்தான். மழை பெய்யும் இரவில் ஒரு விளக்கும் அரை வைப்பருமாக அந்தப் பெண் கிராமத்துச் சாலையில் வருவதை நினைத்துப் பார்த்தேன். "சார் சொல்லிட்டீங்க, அப்படியே விட்டுட்டேன்" என்றான். அந்த வார்த்தை எனக்கு இரண்டு நாள் தூக்கம் தரவில்லை.

குழாய்க்கு ஆர்டர் போட்டுவிட்டதாக இன்று காலை செய்தி வந்தது. மாற்றி முடித்ததும் இருட்டிய பிறகு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி.