1,000 ரூபாய் இ-சலானுக்கு வக்கீல் தேவையா? ‘பே’ பட்டனை அழுத்தும் முன் பார்க்க வேண்டியவை

போனில் ஒரு எஸ்எம்எஸ் வந்து விழுகிறது. வண்டி நம்பர் உங்களுடையதுதான். இடம், நேரம், எந்த விதிமீறல், எவ்வளவு அபராதம் எல்லாம் இருக்கிறது. ‘யுபிஐ-ல கட்டித் தொலைச்சுடலாம்’ என்பது பெரும்பாலானவர்களுக்கு வரும் முதல் யோசனை. கொஞ்சம் கோபக்காரராக இருந்தால், ‘தெரிஞ்ச வக்கீல் இருக்காரு, ஒரு கை பார்த்துடலாம்’ என்று தோன்றும். இரண்டுமே அவசர முடிவு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ஹெல்மெட் போடாததற்கான 1,000 ரூபாய் அபராதத்துக்கு வக்கீல் வைப்பது அந்தக் கதைதான். வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா போடும் லீவு என்று கணக்குப் பார்த்தால் அபராதத்தைத் தாண்டிப் போய்விடும். எனவே சாதாரண சலான்களுக்கு நேரடி பதில்: வேண்டாம். ஆனால் ‘வக்கீல் வேண்டாம்’ என்பதற்கு ‘கண்ணை மூடிக்கிட்டு கட்டிடுங்க’ என்று அர்த்தம் இல்லை.

முதலில் போட்டோவைப் பாருங்க

மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். சலான் பெயரில் ஏபிகே ஃபைல் அனுப்பி பேங்க் அக்கவுன்ட்டைத் துடைக்கும் மோசடி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களே பரிவாஹன் இ-சலான் தளத்துக்குப் போய், வண்டி நம்பரைப் போட்டுத் தேடுங்கள். தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேமரா பிடித்த சலான் என்றால் போட்டோ இருக்க வேண்டும். அதில் இருப்பது உங்கள் வண்டியா? மாடல், கலர் சரியா? நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்று படித்திருக்கிறார்களா? அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், அந்தக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், பதிவை வழக்கு முடியும் வரை பாதுகாக்க வேண்டும் என்கிறது. அதாவது ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுக்கும் இருக்கிறது.

தவறான சலான் என்றால் ஸ்கிரீன்ஷாட், ஆர்.சி., வண்டியின் போட்டோ, பார்க்கிங் ரசீது மாதிரி கையில் இருப்பதை வைத்து முதலில் போக்குவரத்துக் காவல்துறையிடமே புகார் கொடுக்கலாம். வழக்கு விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அந்தத் தளத்தில் அபராதத்தைக் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது என இரண்டு வழிகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். அங்கே நீங்களே நின்று பேசலாம். வண்டி மாறிய கேஸுக்கு வாதத் திறமை தேவையில்லை, இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பணம் கட்ட சில நொடிகள் போதும். ‘இது என் வண்டி இல்லை’ என்று நிரூபிக்க அரை நாளாவது அலைய வேண்டும். தப்பே செய்யாதவர்கள்கூட ‘போனாப் போகுது’ என்று 1,000 ரூபாயைக் கட்டுவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். கட்டுவதை எவ்வளவு சுலபமாக்கியிருக்கிறார்களோ, மறுப்பதையும் அதே அளவுக்குச் சுலபமாக்க வேண்டியது அரசின் வேலை. அது நடக்கும் வரை அந்த அரை நாள் நம் கணக்கில்தான் போகும்.

பழைய பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சலான் உங்களுக்குத்தான் வரும். அதைவிட மோசமானது, அந்த வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்ட ஈட்டு வழக்கில் நீங்கள்தான் ஓனர். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

கட்டினால் முடிந்ததா?

பலர் கவனிக்காமல் விடுவது இந்த இடம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவில் இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, அபராதம் கட்டி முடித்துக்கொண்டாலும் அது உங்கள் கணக்கில் ‘முந்தைய குற்றம்’ என்றே பதிவாகும். போன் பேசிக்கொண்டே ஓட்டினால் அது 184-வது பிரிவு. சட்டப்படி முதல் முறை அபராதம் 1,000 ரூபாயிலிருந்து 5,000 வரை. மூன்று ஆண்டுக்குள் திரும்ப மாட்டினால் 10,000.

இரண்டாவது இன்னும் முக்கியம். அபராதம் கட்டிவிட்டாலும், சில குற்றங்களில் லைசென்ஸ் மீதான நடவடிக்கை தனியாகத் தொடரலாம். அதிவேகம், ஆபத்தான டிரைவிங், ரேஸ், டிரிபிள்ஸ், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது, ஹெல்மெட் போடாதது எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. ஹெல்மெட்டுக்கான 194டி பிரிவில் 1,000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் எழுதப்பட்டிருக்கிறது. ஆபீஸுக்கு மெட்ரோவில் போகிறவருக்கு மூன்று மாதம் பெரிய விஷயமில்லை. டெலிவரி பையனுக்கோ, டாக்ஸி ஓட்டுபவருக்கோ அது மூன்று மாதச் சாப்பாடு. ஒரே சலான்தான், ஆனால் இருவருக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

ஆர்.டி.ஓ.விடமிருந்து லைசென்ஸ் நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்காதீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் முடக்க முடியாது. விளக்கம் எழுதிக் கொடுக்கலாம். உத்தரவு வந்தபின் 30 நாட்களுக்குள் அப்பீல் போகலாம். லைசென்ஸை நம்பிப் பிழைப்பவர் என்றால், இந்தக் கட்டத்தில் வக்கீலுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

இங்கே வக்கீல் இல்லாமல் வாயைத் திறக்காதீங்க

குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு வந்தால், ஸ்பாட்டிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 15,000, இரண்டு வருடம் வரை. ‘ஒத்துக்கிட்டா பத்தாயிரத்தோட விட்டுடுவாங்க மச்சி’ என்ற அட்வைஸ் நண்பர்கள் வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கும். பணத்தோடு விட்டுவிடக்கூடும்தான். ஆனால் மாஜிஸ்திரேட் முன் ‘ஒத்துக்கிறேன்’ என்று சொன்ன நொடியில் உங்கள் பெயரில் ஒரு குற்றத் தீர்ப்பு விழுகிறது. அப்படி ஒத்துக்கொண்டு வந்த தீர்ப்பில், தண்டனையின் அளவையும் சட்டப்படி அது சரியா என்பதையும் தவிர வேறு எதற்கும் அப்பீல் கிடையாது. அரசு வேலை, வெளிநாட்டு விசா விண்ணப்பங்களில் ‘எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?’ என்ற கேள்வி வரும்போது, ‘இல்லை’ என்று டிக் பண்ண முடியாது.

இதைக் குடிகாரர்களைக் காப்பாற்றும் வழி என்று நினைக்க வேண்டாம். குடித்துவிட்டு வண்டி எடுத்தவர் தண்டனையை அனுபவிக்கட்டும். ஆனால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற அளவு தாண்டியிருந்ததா, டெஸ்ட் முறையாக எடுக்கப்பட்டதா என்று பார்த்த பிறகு ஒத்துக்கொள்வதா வேண்டாமா என முடிவெடுப்பது எவருக்கும் உள்ள உரிமை. அதைப் பார்க்கத் தெரிந்தவர் வக்கீல்தான்.

விபத்தில் யாருக்காவது அடிபட்டால் அது சலான் விவகாரமே இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவில் எஃப்.ஐ.ஆர். கவனக்குறைவால் உயிர்ப்பலி என்றால் ஐந்து வருடம் வரை சிறை. பதினெட்டு வயது ஆகாத தம்பியிடம் வண்டியைக் கொடுத்து மாட்டினாலும் அப்படித்தான். 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது ஓனருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. தம்பிக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இந்த வழக்குகளில் சம்மன் வரும் வரைகூடக் காத்திருக்காமல், அன்றைக்கே வக்கீலைப் பிடிப்பது நல்லது.

ஃபீஸுக்குக் காசு இல்லையே?

இலவச சட்ட உதவி ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இந்த உரிமை உண்டு. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள், அல்லது மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம்.

கோர்ட் வாசலில் ‘பாதி காசுல முடிச்சுத் தர்றேன்’ என்று வருபவர் வக்கீல் இல்லை, புரோக்கர். நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கவே பார் கவுன்சில் விதியில் அனுமதி இல்லை. நல்ல வக்கீலிடம் போனதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் நேரில் வர வேண்டுமா, இல்லை என் சார்பில் நீங்களே ஆஜராக முடியுமா? மொத்த ஃபீஸா, வாய்தாவுக்கு இவ்வளவு என்ற கணக்கா? ஒத்துக்கொண்டால் என் லைசென்ஸுக்கு என்ன ஆகும்? மூன்றாவதற்கு உங்கள் சலானைப் பார்க்காமலேயே பதில் சொல்கிறார் என்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வக்கீலைப் பாருங்கள்.