போனில் கிடப்பதெல்லாம் குறிப்பல்ல

“எல்லாம் போனில கிடக்கு, தேடினா வந்திடும்.” உன்னிச்சைக் குளத்தின் கீழ் வேளாண்மை செய்பவரும் சொல்கிறார், மட்டக்களப்புப் பட்டினத்தில் ஆய்வு எழுதும் மாணவரும் சொல்கிறார். கேட்கக் கெட்டிக்காரத்தனம் போல இருக்கும். உண்மையில் இது அப்பட்டமான சோம்பல்.

போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். முதல் தண்ணீர் என்றைக்கு, விதைப்புக்குக் கடைசி நாள் எது, எத்தனை மாத நெல், மாடுகளை வயல் வட்டையை விட்டு எப்போது அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அதைக் கொப்பியில் எழுதிவைத்த வட்டை விதானைமார் இருந்தார்கள். நாமோ முடிவுகள் எழுதிய தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு எழும்பிவிடுகிறோம். பிறகு ஒரு நாள் மாடு வயலுக்குள் இறங்கும், வாய்த்தர்க்கம் வரும்.

“எத்தனையாம் திகதி எண்டு சொன்னவங்க, மனே?”

“பொறுங்க மாமா, போனில கிடக்கு.”

விரல் மேலும் கீழும் ஓடும். காலை வணக்கப் பூ, கோயில் சடங்கு நோட்டீஸ், பிறந்தநாள் கேக், உரப் பை. கடைசியில் ஒரு படம் அகப்படும். பெயர் என்று பார்த்தால் வெறும் இலக்க வரிசை. தாளின் பாதியை யாருடையதோ பெருவிரல் மறைத்திருக்கும். திகதி எழுதிய மூலைதான் வெட்டுப்பட்டிருக்கும். மாமா அதற்குள் மாட்டைத் துரத்தப் போயிருப்பார்.

தேடினால் வரும் என்கிறார்களே, எதைத் தேடுவது? கையெழுத்துத் தமிழைப் படத்திலிருந்து வாசிப்பதில் இயந்திரம் இன்னும் தடுமாறுகிறது. குரல்பதிவாக அனுப்பியதை எழுத்தாக மாற்றாமல் தேட முடியாது. தட்டச்சு செய்ததாவது கிடைக்குமா? சாதாரணத் தேடலில் ‘குளம்’ என்று போட்டால் ‘குளத்தில்’ என்று எழுதியது வராது. பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறார்கள், அது வேறு கணக்கு. யூனிகோட் பரவுமுன் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் எத்தனை வீடுகளில், எத்தனை சங்கங்களில் கிடக்கின்றன! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டியது போலத் தெரியும். கோப்பு அழியவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது. வாசிக்கத்தான் முடியாது.

எதையும் அழிக்காதே, இடம்தான் தாராளமாக இருக்கிறதே என்பது இதே நம்பிக்கையின் அடுத்த பாதி. மாரி கொட்டும்போது உன்னிச்சையின் வான்கதவைத் திறக்கத் தயங்கினால் அணைக்கட்டு என்னவாகும் என்று குளத்தடி விவசாயிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குறிப்புத் திரட்டுக்கும் வான்கதவு வேண்டும். ஒரே சுற்றறிக்கை ஐந்து குழுக்களில் இருந்து வந்து ஐந்து பிரதிகளாகக் கிடந்தால், திருத்தி வெளியிட்ட ஆறாவதை யார் கண்டுபிடிப்பது?

நிறையச் சேர்த்தவர்களை உதாரணம் காட்டுவார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 குறிப்பட்டைகள் வைத்திருந்தார், மெய்தான். ஆனால் படித்ததைத் தன் சொற்களில் எழுதி, எண்ணிட்டு, ஓர் அட்டையில் இன்னோர் அட்டையின் எண்ணைக் குறித்து வைத்தார். அவர் எதையும் முன்னனுப்பவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? வி.சீ. கந்தையா எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூல் 1964இல் வெளியானது. இந்த மண்ணின் நாட்டுப் பாடல்களும் வழக்கங்களும் பேச்சும் அதில் தலைப்புத் தலைப்பாக வகுக்கப்பட்டிருப்பதால்தான் இன்றும் கைக்கு உதவுகிறது.

கொப்பிக்கே திரும்புவோம் என்று நான் சொல்ல வரவில்லை. 1978 சூறாவளியையும் 2004 கடற்கோளையும் 2011 வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் தாளை மட்டும் நம்பச் சொல்வது மடமை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமத்தில் காப்பதன் அருமை அதனால்தான். ஆனால் அவர்கள் வெறுமனே படம் பிடித்துக் குவிப்பதில்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் எண், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று பட்டியலிடுகிறார்கள். அந்த அலுப்பான பாதி வேலையைத்தான் நாம் வீட்டில் செய்ய மறுக்கிறோம்.

கம்பெனிகள் காத்துத் தரும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எவர்நோட் 2023இல் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகளோடு நிறுத்தியது. இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. வெளிநாடு போன பிள்ளை திறந்து கொடுத்த கணக்கில் கடவுச்சொல்லும் தெரியாமல் காணி உறுதியின் படத்தைப் போட்டுவைத்திருப்போர் இதைக் கவனிக்கட்டும்.

கூட்டத்தில் படம் எடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? வீட்டுக்குப் போகுமுன் அதன் கீழே யூனிகோட் தமிழில் இரண்டு வரி தட்டட்டும்: உன்னிச்சை, கூட்டம் நடந்த திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி, அறிவித்த உத்தியோகத்தர் யார். இன்னொரு பிரதி வேறொரு இடத்தில் இருக்கட்டும். குழுவில் ஒருவர் செய்தாலே போதும். மற்றவர்கள் முன்னனுப்பிக்கொள்வார்கள், அதில் நம்மவர்கள் விண்ணர்கள்.