காலையுணவிலும் அடிமைத்தனமா?

விடியுமுன்னரே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்கின்றது. ஏலக்காய் பறிக்கும் பெண்டிர் ஊர்திகளில் நெருங்கியமர்ந்து போடிமெட்டு ஏறுகின்றனர். அவர்தம் தூக்குச்சட்டியில் இருப்பது பழஞ்சோறும் வெங்காயமும். அதே மலைத்தொடரில், தங்கல்விடுதிகளாகிவிட்ட பழைய தோட்ட வளமனைகளில் வேறொரு வட்டில் வைக்கப்பெறுகின்றது: பொரித்த முட்டை, உப்பிட்ட பன்றிக் கீற்று, சாற்றில் வெந்த அவரைமணி, சுட்ட தக்காளி, வாட்டிய வெதுப்பி. அதன் பெயர் ‘இங்கிலீசு பிரேக்பாசுட்டு’!

அவ் வட்டில் மலையேறியது எவ்வாறு? 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயன் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன்தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்றான். பின்னர் அங்குக் காடழித்துத் தேயிலை நட்டோர் தமிழ்க் கூலியாளர். மலையுச்சியினின்று கம்பிவடத்திற் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலை, போடி வழியாகவே வெளியேறியது. உழைப்பு நம்முடையது, விருந்து அவனுடையது.

வெள்ளையன் போனான், அவன் சொல் போகவில்லை. இட்டலி விற்கும் உணவகமும் ‘டிபன்’ என்றே பலகை எழுதுகின்றது. டகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம். நமக்கோ டகரமின்றிப் பொழுதே விடிவதில்லை!

முட்டை உண்பது குற்றமென யாம் கூறவில்லை. எவ்வுணவையும் எவரும் உண்க. வெள்ளையன் வட்டில் உயர்வென்றும் பழஞ்சோறு இழிவென்றும் கருதும் எண்ணமே நஞ்சு.

ஆங்கிலேயனைப் பாருங்கள். காலையுணவுக்குப் பெயரிட அவன் பிறமொழியிற் கையேந்தவில்லை. ‘நோன்பு முறித்தல்’ எனப் பொருள்படும் தன் தாய்மொழிச் சொற்கள் இரண்டை இணைத்துக்கொண்டான். நம் மிளகுத்தண்ணீரைக் கொண்டுபோன போதும், தன் நாவுக்கேற்ப ‘முல்லிகட்டானி’ எனத் திரித்தே வழங்கினான்.

தமிழால் இயலாதோ? 2022-இல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘காலை உணவுத் திட்டம்’. எந்தப் பிள்ளைக்கு அது விளங்காமற் போயிற்று? பிள்ளைக்கு விளங்கும் சொல் உணவக முதலாளிக்கு விளங்காதா?

1956-இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் நம் கைவிட்டுப் போயின. அது பிறர் வகுத்த எல்லை. சொல்லை இழப்பதோ நம் நாவாலேயே நிகழ்வது. அதை மீட்கவும் அந் நாவே போதும். போடித் தமிழர்களே, கடைப்பலகையை மாற்றுங்கள். ‘காலையுணவு’ என்றே கேட்டு வாங்குங்கள். பழஞ்சோற்றைப் பழஞ்சோறென்றே தலைநிமிர்ந்து சொல்லுங்கள்!